பத்திர வரைவில் கமெண்டுகளைக் கையாள்வதும் சுத்தமாக நீக்குவதும்

பாரிமுனையில் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு பக்கம் ஒரு கிரயப் பத்திர வரைவு எப்படிச் சுற்றும் என்று டைப்பிங் கடைக்காரர்களுக்குத் தெரியும். விற்பவர் தரப்பு வக்கீல் வேர்டு ஃபைலை அனுப்புவார். வாங்குபவர் தரப்பு வக்கீல் ஓரத்தில் கமெண்ட் போட்டுத் திருப்புவார். பேங்க் லோன் இருந்தால் அவர்களுடைய லீகல் பார்ப்பவரும் நாலு கமெண்ட் சேர்ப்பார். கடைசியில் ஃபைல் வாட்ஸப்பில் கடைக்கு வரும்போது, தண்டையார்பேட்டை வீட்டின் நாலு எல்லைகளைவிட ஓரத்துக் கமெண்டுகள் அதிகமாக இருக்கும். அதை அப்படியே பிரிண்ட் எடுத்தாலும் வம்பு, படிக்காமல் மொத்தமாக அழித்தாலும் வம்பு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கமெண்ட் வேறு, ட்ராக் சேஞ்சஸ் வேறு. "சர்வே எண்ணை வில்லங்கச் சான்றோடு ஒத்துப் பாருங்கள்" என்று ஓரத்தில் இருப்பது கமெண்ட். வாசகத்துக்குள்ளேயே அடித்தும், நிறத்தில் கோடிட்டும் தெரிவது ட்ராக் சேஞ்சஸ். பொதுவாக ஒன்றை நீக்கினால் மற்றொன்று போகாது. கமெண்ட் எல்லாம் அழித்த பிறகும் பத்திரத்தில் சிவப்புக் கோடு நிற்கிறதே என்று திணறுவது இதனால்தான்.

இரண்டும் உள்ள ஃபைலில் கமெண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கமெண்ட் ஏதோ ஒரு சொல்லோடோ வரியோடோ ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரியை ஒருவர் அடித்திருக்க, நீங்கள் அவசரமாக 'அக்செப்ட் ஆல் சேஞ்சஸ்' கொடுத்தால் வரி போகும். கூடவே அதில் இருந்த கமெண்டும் போய்விடும். "இந்த ஷரத்தை எடுத்தால் கட்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளவும்" என்று அதில் இருந்திருந்தால், யாரும் படிக்காமலேயே அது மறைந்துவிடும்.

வாட்ஸப்பிலோ மெயிலிலோ வந்த ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்தால் 'எனேபிள் எடிட்டிங்' அழுத்துங்கள். அதுவரை ரிவ்யூ மெனுவில் டெலீட் மங்கலாகவே இருக்கும். பிறகு 'சேவ் அஸ்' கொடுத்து ஒரு நகல் எடுத்து, பெயரில் தேதி போட்டு வையுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் கடைசி' என்று பெயர் வைத்தால் எது கடைசி என்று வைத்தவருக்கே தெரியாது. கமெண்டோடு இருக்கும் மூலத்தைத் தொடவே வேண்டாம். பின்னால் "யார் இந்த எல்லையை மாற்றச் சொன்னது?" என்ற கேள்வி வந்தால் பதில் அதில்தான் இருக்கும்.

அடுத்து ரிவ்யூ மெனுவில் 'ஆல் மார்க்கப்' தேர்வு செய்யுங்கள். 'சிம்பிள் மார்க்கப்' இருந்தால் மாற்றம் உள்ள வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும்தான் தெரியும். 'நோ மார்க்கப்' என்றால் திரை பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் ஃபைலுக்குள் எல்லாம் அப்படியே கிடக்கும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. "விற்பவர் அவசரத்தில் இருக்கிறார், ஐந்து லட்சம் குறைத்துக் கேட்டுப் பார்க்கலாம்" என்று வாங்குபவர் தரப்பு எழுதிய கமெண்ட், மறைத்த நிலையிலேயே விற்பவர் கையில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் 'ஆல் மார்க்கப்' என்று ஒரு தட்டு தட்டினால் போதும்.

இனி 'நெக்ஸ்ட்' பொத்தானை அழுத்தி முதல் கமெண்டிலிருந்து வரிசையாகப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு முடிவு: செய்தாகிவிட்டது என்றால் டெலீட், பதில் தேவை என்றால் ரிப்ளை, முடிந்தது, ஆனால் பதிவு இருக்கட்டும் என்றால் ரிசால்வ். ரிசால்வ் நீக்குவது ஆகாது. பழைய பதிப்பில் கமெண்ட் மங்கி நிற்கும். புதிய பதிப்பில் ஓரத்திலிருந்து காணாமல் போய், கமெண்ட்ஸ் பட்டியலைத் திறந்தால் அங்கே இருக்கும். வக்கீல்களுக்குள் வரைவு போய்வரும்வரை ரிசால்வ் நல்லது. பத்திரப் பதிவுக்குப் போகும் பிரதியில் அது இருக்கக் கூடாது.

ஒரு குறிப்பிட்டவருடைய கமெண்டை மட்டும் பார்க்க, கன்ட்ரோலும் ஜி எழுத்தும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'கமெண்ட்' என்பதைத் தேர்ந்து, பெயரைக் கொடுத்து ஒவ்வொன்றாகத் தாவலாம். அவருடையதை மட்டும் மொத்தமாக நீக்க வேண்டுமானால், 'ஷோ மார்க்கப்' கீழே 'ஸ்பெசிஃபிக் பீப்பிள்' போய் மற்றவர் பெயர்களில் டிக்கை எடுத்துவிட்டு, டெலீட் பொத்தானின் கீழ் அம்புக்குறியில் 'டெலீட் ஆல் கமெண்ட்ஸ் ஷோன்' கொடுக்க வேண்டும். 2016, 2019 பதிப்புகளில் வழக்கமான வழி இது. புதிய தோற்றத்துக் கமெண்ட் பெட்டி வரும் பதிப்பு என்றால், மற்றவருடையது திரையிலிருந்து உண்மையிலேயே மறைந்திருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். மறையவில்லை என்றால் ஒவ்வொன்றாக நீக்குவதே பத்திரம். தவறி அழுத்திவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட். ஃபைலை மூடிவிட்டால் அந்த வாய்ப்பும் கிடையாது.

கடை கம்ப்யூட்டர்களில் பெயரே ஒரு தொல்லை. வேர்டில் பெயர் 'அட்மின்' என்றோ 'யூசர்' என்றோ இருந்தால், அந்தக் கடையில் உட்கார்ந்து கமெண்ட் போட்ட எல்லோருமே ஒரே 'அட்மின்' ஆகிவிடுவார்கள். பெயரை வைத்துப் பிரிக்க வழியில்லை. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' போய் 'யூசர் நேம்' கட்டத்தில் சரியான பெயரைப் போடுங்கள். ஆபீஸ் கணக்கில் உள்நுழைந்திருந்தால் அதற்குக் கீழேயே உள்ள 'ஆல்வேஸ் யூஸ் தீஸ் வேல்யூஸ்' என்ற டிக்கும் வேண்டும். ஏற்கெனவே போட்ட கமெண்டுகளில் பெயர் மாறாது.

எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மொத்தமாக நீக்கும் கட்டளை. டெலீட்டின் அம்புக்குறியில் 'டெலீட் ஆல் கமெண்ட்ஸ் இன் டாக்குமென்ட்'. அது முடிந்ததும் ட்ராக் சேஞ்சஸை அணைத்து, மாற்றங்களை ஒவ்வொன்றாக அக்செப்ட் அல்லது ரிஜெக்ட் செய்யுங்கள். சொத்து விவரத்தில், அதாவது ஷெட்யூலில், 'அக்செப்ட் ஆல்' வேண்டவே வேண்டாம். வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே என்ற நாலு வரியிலும் சதுர அடியிலும் ஒரு எண் மாறினால் பின்னால் பிழைதிருத்தல் பத்திரம் போட்டு அலைய வேண்டியதுதான்.

டெலீட் இன்னும் மங்கலாக இருக்கிறதா? ரிவ்யூவில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' போட்டிருக்கலாம். 'ஸ்டாப் ப்ரொடெக்ஷன்' கொடுங்கள், பாஸ்வேர்டு வைத்திருந்தால் கேட்கும். அது அனுப்பியவரிடம்தான் இருக்கும், அவரைத்தான் கேட்க வேண்டும். மேலே 'மார்க்ட் அஸ் ஃபைனல்' பட்டை இருந்தால் 'எடிட் எனிவே' போதும்.

கடைசிச் சோதனைக்கு 'ஃபைல்', 'இன்ஃபோ', 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்'. நீங்கள் பார்க்காமல் விட்ட கமெண்டோ மாற்றமோ உள்ளே இருந்தால் இது காட்டிக்கொடுக்கும். அதில் கமெண்ட்ஸ் வரிக்கு எதிரே உள்ள 'ரிமூவ் ஆல்' பொத்தானை மட்டும் யோசித்துத் தொடுங்கள்: அது கமெண்டை நீக்குவதோடு, முடிவு செய்யாமல் நிற்கும் திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டதாக்கிவிடும். எதிர்த்தரப்பு அடித்த வரி உங்கள் சம்மதம் இல்லாமலே போய்விடும். இதைச் சோதிக்கும் கருவியாக வைத்துக்கொள்வதே நல்லது. 'பர்சனல் இன்ஃபர்மேஷன்' வரியில் 'ரிமூவ் ஆல்' கொடுத்தால் அதன்பின் அந்த ஃபைலைச் சேமிக்கும்போதெல்லாம் கமெண்ட் போட்டவர் பெயர் 'ஆத்தர்' என்று மாறிவிடும். மறுபடி பெயர் வேண்டுமானால் அதே இன்ஃபோ பக்கத்தில் 'அலௌ திஸ் இன்ஃபர்மேஷன் டு பி சேவ்ட்' என்ற இணைப்பை அழுத்த வேண்டும்.

பிரிண்டில் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். முத்திரைத்தாளின் மேல்பகுதியில் முத்திரை இருக்கும். அதற்கு இடம் விட்டு மேல் மார்ஜினை அளந்து வைத்திருப்பீர்கள். கமெண்ட் இருக்கும் ஃபைலை அப்படியே பிரிண்ட் கொடுத்தால், ஓரத்துப் பெட்டிகளுக்கு இடம் வேண்டி வேர்டு பக்கத்தையே சுருக்கிவிடும். எழுத்து சின்னதாகும், அளந்து வைத்த மார்ஜின் தவறும், வலப்பக்கம் கமெண்டுக்கான காலியிடம் விழும். தாள் வீண். பிரிண்ட் பக்கத்தில் 'பிரிண்ட் ஆல் பேஜஸ்' என்ற பட்டியலைத் திறந்தால் அடியில் 'பிரிண்ட் மார்க்கப்' இருக்கும், டிக்கை எடுத்துவிடுங்கள். கமெண்ட் நீக்கிய ஃபைலாக இருந்தாலும் இதைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு வெள்ளைத்தாளில் எடுத்து முத்திரைத்தாள் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிடிஎஃப் ஆக்கும்போதும் அதே கதை: 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டாக்குமென்ட்' என்பதே தேர்வாகியிருக்க வேண்டும், 'டாக்குமென்ட் ஷோயிங் மார்க்கப்' அல்ல.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்யும் கடைகளுக்கு இன்னொரு சிக்கல். பத்திரத்தில் தமிழாகத் தெரிவது, புதிய வேர்டின் கமெண்ட் பெட்டிக்குள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். பெட்டி தன் எழுத்துருவையே பயன்படுத்தும். கமெண்டை யூனிகோடில் டைப் செய்யுங்கள். விண்டோஸில் தமிழ் கீபோர்டைச் சேர்த்தால் போதும். பத்திரத்தை எந்த எழுத்துருவில் வைத்திருந்தாலும் கமெண்ட் படிக்கக் கிடைக்கும்.

வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. கமெண்ட் பெட்டியின் மூலையில் உள்ள அம்புக்குறியிலேயே ஒன்றை நீக்க, ஒருவருடையதை மட்டும் நீக்க, அனைத்தையும் நீக்க என்று மூன்று கட்டளைகளும் இருக்கும்.

கூகுள் டாக்ஸில் எல்லாக் கமெண்டையும் ஒரே தட்டில் நீக்கும் பொத்தான் கிடையாது. அதற்கு 'ஃபைல்', 'மேக் எ காப்பி' போங்கள். வரும் பெட்டியில் கமெண்டுகளையும் சேர்த்து நகலெடுக்கவா என்ற டிக் இருக்கும். அதைப் போடாமல் விட்டால் நகல் சுத்தமாக வரும். அங்கிருந்து வேர்டு ஃபைலாக இறக்கி, வேர்டில் 'ஆல் மார்க்கப்' வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூலத்தையே இறக்கினால் கமெண்டுகளும் கூடவே இறங்கும்.