விண்டோஸ் ஏற்றும் முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்

டெஸ்க்டாப்பில் புது எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்டு விண்டோஸ் ஏற்றும்போது, பழைய ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். கழற்றும் முன் கரண்ட் பிளக்கை உருவிவிடுவது முக்கியம்.

இரண்டும் மாட்டியிருந்தால், விண்டோஸ் புதிய டிஸ்க்கில் இறங்கினாலும் அதைக் கிளப்பும் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பகுதிக்கு (பூட் ஃபைல்களுக்கென ஒதுக்கிய சிறு பகுதி) போய்விடலாம். பின்னாளில் பழையது பழுதானால் புதியதும் கிளம்பாது. கேபிள் இல்லையென்றால், தவறான டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடும் பயமும் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை கடைகளில் பல வருட டாலி கணக்கு முழுக்கப் பழைய டிஸ்க்கில்தான் கிடக்கும். அதற்காகவே இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யலாம். ஏற்றி முடித்து, புது டிஸ்க் தனியாகக் கிளம்புவதைப் பார்த்தபின் கேபிளை மாட்டுங்கள்.

விண்டோஸுக்குப் புது கீ (லைசென்ஸ் எண்) வாங்க அவசரப்படாதீர்கள். அதே மதர்போர்டில் முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10, 11 என்றால், அதே எடிஷனை (ஹோம், ப்ரோ போன்றவை) ஏற்றி நெட்டில் இணைத்ததும் பெரும்பாலும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்கு நகலெடுத்து குளோன் செய்வதானால் இது பொருந்தாது. அதற்கு இரண்டும் மாட்டியிருக்க வேண்டும்.