கோல் வறட்சியும் தற்காப்பும்: ஹாக்கி வீரரை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நட்சத்திர வீரர் ஒருவருக்குக் கோல் விழாமல் போனதும் அவருடைய ஆட்டம் முழுவதுமே சரிந்துவிட்டதாக முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் இப்படித்தான் எடைபோடப்பட்டார். ஸ்பெயினுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டி ஸ்ட்ரோக் (கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் வாய்ப்பு) தடுக்கப்பட்டது. அவருடைய பெரும்பலமான டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலை நோக்கி எறியும் அடி, கைகொடுக்கவில்லை. முதல் கோல் கிடைத்ததே வேல்ஸ் அணியுடனான மூன்றாவது ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில்தான். ஆனால் அவர் அடிப்படையில் பின்கள வீரர். அந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து இந்தியா விட்டுக்கொடுத்தவை இரண்டே கோல்கள். ஸ்பெயினாலும் இங்கிலாந்தாலும் ஒன்றுகூடப் போட முடியவில்லை.

கோல் வறட்சியின் விலையை இந்தியா வேறு இடத்தில் கொடுத்தது. பிரிவு ஆட்டங்களில் இங்கிலாந்தும் இந்தியாவும் தலா 7 புள்ளிகள் பெற்றிருந்தும், கோல் வித்தியாசத்தில் இங்கிலாந்து முந்தி நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. இந்தியாவோ நியூசிலாந்துடன் கூடுதலாக ஓர் ஆட்டம் ஆட நேர்ந்து, 3-1 என்ற முன்னிலையை இழந்து, ஷூட்-அவுட்டில் வெளியேறியது. அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தின் கடைசி இரண்டு கோல்களும் பெனால்டி கார்னரில் (தற்காக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குத் தரப்படும் கோல் வாய்ப்பில்) வந்தவை. அவற்றுக்கும் அணித் தலைவரின் கோல் வறட்சிக்கும் முடிச்சுப் போடுவதற்கு முன், அந்தக் கார்னர்களை விட்டுக்கொடுத்தது யார், எந்தச் சூழலில் என்று பார்ப்பதே நியாயம்.

அப்படியானால் கோல் வறட்சிக்கும் தற்காப்புக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது ஆட்டக்காரரின் திறமையில் அல்ல, அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பெனால்டி கார்னர் எடுக்கும்போது டிராக் ஃபிளிக் அடிக்கும் பின்கள வீரர் எதிரணியின் 'டி' வளையத்தின் (கோலுக்கு முன்னுள்ள அரைவட்டப் பகுதியின்) விளிம்பில் நிற்கிறார். தடுக்கும் அணியில் கோல்கீப்பர் உட்பட ஐந்து பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தடுக்கும் அணியில் முதலில் பாய்ந்து வருபவரின் மட்டையில் பட்டுப் பந்து வெளியே சிதறினால், எதிர்த்தாக்குதலுக்கு ஆறு பேர் ஏற்கெனவே நடுக்களத்தில் தயாராக இருப்பார்கள். ஃபிளிக் அடித்தவரோ தன் இடத்துக்குத் திரும்ப அறுபது மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பந்து வலைக்குள் போனால் அந்த ஓட்டமே தேவையில்லை. கோல் போகாத ஒவ்வொரு கார்னரும் பின்களத்தில் ஓர் இடைவெளியைத் திறந்துவைக்கிறது. இதைக் கவனிக்காமல் "அவர் மெதுவாகிவிட்டார்" என்று பேசுவதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு.

வீரர் தரப்பிலும் தவறு நேரலாம். கோல் தராத குறையை வேறு வழியில் ஈடுகட்ட நினைத்து, பொறுத்து நின்று எதிராளியை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டிய நேரத்தில் மட்டையைத் தரையோடு நீட்டிப் பாய்ந்தால், எதிராளி எளிதில் விலகிச் சென்றுவிடுவார், அல்லது நடுவரின் பச்சை அட்டை வரும். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடமும் மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடமும் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். முன்கள வீரர்களிடம் இது வேறு விதமாகத் தெரியும்: பந்தைப் பறிகொடுத்ததும் துரத்தாமல், அடுத்த வாய்ப்புக்காக 'டி' வளையத்துக்கு அருகிலேயே காத்திருப்பார்கள்.

பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டியது, கோல் வரவில்லை என்பதற்காகப் பின்கள வீரரை வெளியே உட்கார வைப்பது. ஃபிளிக் அடிக்கும் பொறுப்பை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவரைத் தற்காப்பில் தொடரவிடலாம். நியூசிலாந்துக்கு எதிரான அதே ஆட்டத்தில் இன்னொரு பின்கள வீரரான வருண் குமார் பெனால்டி கார்னரில் கோல் போட்டார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கோல்கள் குவியும்போது தற்காப்பின் குறைகளைக் கவனிக்காமல் விடுவது. அதை யாரும் பேசுவதில்லை. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் ஹர்மன்பிரீத் 9 கோல்களுடன் முதலிடம் பிடித்தார். இந்தியாவும் கோப்பையை வென்றது. ஆனால் இறுதி ஆட்டத்தின் பாதியில் மலேசியா 3-1 என்று முன்னிலையில் இருந்தது. இந்தியா 4-3 என்று மீண்டு வென்றதால், முதல் பாதியில் விழுந்த அந்த மூன்று கோல்களும் எப்படி விழுந்தன என்ற கேள்வி கொண்டாட்டத்தில் அமுங்கிப்போனது.