ஜிப்சம் சுவரில் செங்கல் சுவர்க் கட்டையைச் சொருகாதீர்கள்

போன வாரம் ஏற்காட்டில் ஒரு வீட்டில் ஜிப்சம் போர்டு தடுப்புச் சுவரில் ஷெல்ஃப் மாட்டிக்கொண்டிருந்தோம். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஓட்டை போட்டு, செங்கல் சுவரில் ஸ்க்ரூ பிடிக்கச் சொருகும் பிளாஸ்டிக் கட்டையைச் சொருகி, ஸ்க்ரூவை முடுக்கினான். "அண்ணா, சுத்திக்கிட்டே இருக்குது, இறுக மாட்டேங்குதுங்ணா" என்றான். அப்புறம் தீப்பெட்டியை எடுத்தான் பாருங்கள், குச்சியை உடைத்துக் கட்டையோடு திணிக்க! நான் கத்துக்குட்டியாக இருந்தபோது செய்த அதே வேலை.

ஜிப்சம் சுவரில் மாட்டும்போது செய்யும் தப்புகளைச் சொல்கிறேன். லெவல் பார்க்காதது, ஒயர் போகும் இடத்தில் ஓட்டை போடுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

செங்கல் சுவர் கட்டை

செங்கலில் ஸ்க்ரூ உள்ளே போகப் போகக் கட்டை விரிந்து சுற்றியுள்ள சுவரை நெருக்கிப் பிடிக்கிறது. ஜிப்சம் போர்டோ பெரும்பாலும் 12.5 மி.மீ. கனம்தான், சுண்டுவிரல் அளவு. இரண்டு பக்கமும் காகிதம், நடுவில் சாக்பீஸ் மாதிரி உதிரும் சமாசாரம், பின்னால் வெறும் காற்று. ஒன்றரை அங்குலக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு அந்தரத்தில் நிற்கும். மிச்சம் விரிந்தால் ஓட்டையின் ஓரத்தைப் பொடியாக்கும், அவ்வளவுதான்.

இதில் எனக்கு எரிச்சலே, முதல் நாள் நன்றாகப் பிடித்த மாதிரி இருக்கும் என்பதுதான். சேலத்தில் ஒரு ஃபிளாட்டில் 43 இன்ச் டிவியை, முன்னால் இழுத்துத் திருப்பும் பிராக்கெட்டோடு, ஆறு கட்டையில் மாட்டினேன். கையால் அழுத்தி இழுத்துக்கூடப் பார்த்தேன். மூன்றாவது வாரம் அந்த வீட்டு அக்கா போன் செய்தார்: "தம்பி, டிவி கீழ கெடக்குது." போய்ப் பார்த்தால் ஆறு கட்டையும் ஸ்க்ரூவோடு அப்படியே, வெள்ளைத் தூளைப் பூசிக்கொண்டு தரையில். டிவியை முன்னால் இழுத்த ஒவ்வொரு முறையும் மேல் வரிசைக் கட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. டிவிக் காசு என் கூலியில் போனது.

முதலில் உள்ளே இருக்கும் ஜி.ஐ. சேனலை, அதாவது போர்டை ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தைத் தேடுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சுவரில் தடவிக்கொண்டே போனால் போர்டு ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் ஒட்டும்; நெட்டுக்கு அதே கோட்டில் ஒட்டிக்கொண்டே வந்தால் அதுதான் சேனல். சேனல் கிடைக்காத இடத்தில், போர்டுக்குப் பின்னால் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட். கடிகாரம், சின்ன போட்டோவுக்கு மரையுள்ள ஜிப்சம் ஆங்கர் போதும். டிவி, கிச்சன் கேபினட் வரப்போகிறது என்று தெரிந்தால் போர்டு அடிக்கும் முன்பே உள்ளே பிளைவுட் வைக்கச் சொல்லுங்கள். அப்போது செலவு கம்மி.

ஹாமர் மோடில் ட்ரில்

வேண்டாம். ட்ரில் இடித்துக்கொண்டே சுற்றினால் பின்பக்கக் காகிதம் பிய்ந்துவிடும்.

டாகிள் போல்ட்டைக் கழற்றுவது

கழற்றினால் இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும். அதனால் பிராக்கெட்டை முதலிலேயே போல்ட்டில் கோர்த்துவிட்டு அப்புறம் உள்ளே தள்ளுங்கள்.

ஈரம்

ஏற்காட்டில் பல நாள் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். ஈரம் ஏறி, விரலால் அழுத்தினால் அமுங்குகிற போர்டில் எந்த ஆங்கரும் நிற்காது. அதை மாற்றத்தான் வேண்டும். பாத்ரூமை ஒட்டிய சுவருக்கு ஈரம் தாங்கும் பச்சை போர்டு கேளுங்கள்.

பெரிதாகிப்போன ஓட்டை

நாலு விரல் தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

பையனிடம் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு காந்தத்தைக் கொடுத்தேன். அவன் போட்ட ஓட்டைக்கு மூன்று விரல் இடப்பக்கம் சேனல் இருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டு ஷெல்ஃபை நகர்த்தி மாட்டினோம், பழைய ஓட்டைக்குப் பட்டி பார்த்தது அவன்தான்.