பூட்டபிள் பென் டிரைவ், டிஸ்க் இமேஜ்: மென்பொருள் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவத் தயாரித்த பென் டிரைவிலிருந்து கணினி தொடங்காவிட்டால் (பூட் ஆகாவிட்டால்) பலரும் முதலில் டிரைவை மாற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதில் இருக்காது. கையில் உள்ள ஐஎஸ்ஓவுக்கு (நிறுவல் டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கியது) ஒத்துவராத மென்பொருளை எடுத்ததே காரணமாக இருக்கும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் ஐஎஸ்ஓக்களை முதல் பைட்டிலிருந்து அப்படியே டிரைவில் எழுதினாலே பூட் ஆகும். பலேனா எட்சர் அதைத்தான் செய்கிறது. விண்டோஸ் ஐஎஸ்ஓ டிவிடிக்கான அமைப்பு கொண்டது; அப்படியே எழுதினால் வேலைக்கு ஆகாது. பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்) இல்லை என்று எட்சரே எச்சரிக்கும். அதைப் படிக்காமல் 'கன்டினியூ' அழுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விண்டோஸுக்கு ரூஃபஸ் அல்லது மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் எடுங்கள். பின்னதற்குக் குறைந்தது 8 ஜிபி டிரைவ் வேண்டும்.

ஐஎஸ்ஓவைத் திறந்து கோப்புகளை நகலெடுத்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் ஐஎஸ்ஓவின் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால்.விம் கோப்பு இப்போதெல்லாம் 4 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருந்தால் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பு ஏறாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றினால், பல மதர்போர்டுகளின் யுஇஎஃப்ஐக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள்) அதைப் படிக்கத் தெரியாது. ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் பகுதிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு ஃபேட் பகுதி உருவாக்கி, என்டிஎஃப்எஸ் படிக்கும் டிரைவரை அதில் வைத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அது முதல் தேர்வு.

ரூஃபஸில் ஜிபிடியா, எம்பிஆரா (பார்ட்டிஷன் டேபிளின் இரு வகைகள்) என்பதை டிரைவ் தயாரிக்கும் கணினியை வைத்து முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் ஏறப்போகும் கணினிதான் கணக்கு. அங்கே சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி, லெகஸி (பழைய பயாஸ் முறை) என்றால் எம்பிஆர்.

பல ஐஎஸ்ஓக்களை ஒரே டிரைவில் வைக்க வென்டாய் நல்லது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் முதல்முறை நீலத் திரை வந்து சாவியைப் பதியச் சொல்லும். டிரைவ் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். லினக்ஸில் ஐஎஸ்ஓவை நகலெடுத்தபின் 'எஜெக்ட்' முடியும்வரை பிடுங்காதீர்கள். திரையில் 100% காட்டினாலும் மீதி இன்னும் மெமரியில் இருக்கலாம்.

டிஸ்க் இமேஜ், அதாவது டிஸ்கில் இருப்பதை முழுதாக நகலெடுத்து வைப்பது, வேறு வேலை. கணினியில் ஏற்கெனவே உள்ள விண்டோஸை முழுதாகப் பத்திரப்படுத்த மேற்சொன்னவை உதவாது. மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பை இன்னும் பலர் தேடி இறக்குகிறார்கள். 2024 ஜனவரியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. க்ளோன்ஸில்லா இலவசம், நம்பகமானது. ஆனால் 500 ஜிபி ஹார்ட் டிஸ்கில் 80 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும், வழக்கமான அமைப்பில் அந்த இமேஜை 256 ஜிபி எஸ்எஸ்டியில் இறக்க அது மறுக்கும். சின்ன டிஸ்குக்கு மாறுவதானால் பார்ட்டிஷனின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டிய பகுதியில் எது காலி என்று க்ளோன்ஸில்லாவுக்குத் தெரியாது. எல்லா செக்டரையும் (டிஸ்கின் சிறு துண்டுகள்) நகலெடுத்து இமேஜைப் பெரிதாக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விண்டோஸை வேகமாகத் தொடங்கவைக்கும் வசதி) இயங்கினால் என்டிஎஃப்எஸ் பகுதி பாதி உறக்கத்தில் நிற்கும். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிஸ்கே சாகக் கிடக்கிறதென்றால் இவை எதையும் தொடாதீர்கள். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூதான் சரி. அது கெட்ட இடங்களைத் தாண்டி நல்லதை முதலில் எடுத்துவிட்டு, விட்டுப்போனவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். மேப் ஃபைல் (எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் கோப்பு) கொடுத்தே ஓட்டுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.