மண்ணும் பருவமும் அறிந்து வீட்டுத் தோட்டத்திற்குச் செடி தேர்ந்தெடுத்தல்

வீட்டைச் சுற்றிச் சிறிது நிலம் கிடைத்ததும் நாம் முதலில் போய் நிற்கும் இடம் நாற்றுப்பண்ணையாகவே இருக்கிறது. பூவும் காயுமாக அங்கே நிற்கும் கன்றுகளில் மனத்துக்குப் பிடித்ததை வாங்கி வந்த பிறகு, அதற்குச் செம்மண் போடலாமா, மணல் கலக்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறோம். இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். தொட்டியில் வளரும் செடிக்கு வேண்டிய மண்ணை நாமே கலந்து கொடுத்துவிட முடியும். தரையில் நடும் மரத்துக்கு அது இயலாது. குழிக்குள் எவ்வளவு நல்ல மண்ணை நிரப்பினாலும், சில ஆண்டுகளில் வேர் அந்தக் குழியைத் தாண்டி நிலத்தின் சொந்த மண்ணுக்குள் இறங்கிவிடும். அதன் பின் ஆயுள் முழுவதும் அந்த மண்ணோடுதான் மரம் வாழ வேண்டும். ஆகவே நிலம் எப்படிப்பட்டது, அங்கே மழையும் வெயிலும் காற்றும் எப்படி வந்து போகின்றன என்பதை முதலில் அறிந்துகொண்டு, அவற்றுக்கு ஒத்துப்போகும் செடிகளுக்குள் நமக்குப் பிடித்ததைத் தேட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் தோட்டம் அமைப்பவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

தண்ணீர் வடிகிறதா என்பதே முதல் கேள்வி

மண் வளமானதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வளக்குறைவை எருவால் ஈடுசெய்யலாம். தண்ணீர் தேங்கும் நிலத்தில் எரு எதையும் காப்பாற்றாது. வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள வெளியை நாட்கணக்கில் நீர் அடைத்துக்கொண்டால் காற்றில்லாமல் வேர் இறக்கிறது. இறந்த வேரைப் பூஞ்சை பற்றிக்கொள்கிறது. அப்போது செடி, தண்ணீர் கிடைக்காத செடியைப் போலவே வாடித் தொங்கும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீரூற்றிச் செடியைக் கொன்றுவிடுகிறவர்கள் பலர்.

இதைச் சோதிப்பது எளிது. நடப்போகும் இடத்தில் ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழியைத் தோண்டி, நீரால் நிரப்பி, முழுவதும் வற்ற விடுங்கள். மறுபடியும் நிரப்பி, ஓர் அளவுகோலை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஏறத்தாழ 2.5 முதல் 7 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான பழமரங்களுக்கும் பூச்செடிகளுக்கும் அந்த இடம் ஏற்றது. அதைவிட மிக விரைவாக இறங்கினால் நிலம் மணற்பாங்கானது. அங்கே நீரோடு சத்தும் இறங்கிப் போகும். மறுநாள் காலையிலும் குழியில் நீர் நின்றால், பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவற்றை அந்த இடத்தில் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். பப்பாளியின் வேர் ஓரிரு நாள் நீர்த்தேக்கத்தைக்கூடத் தாங்காது. அத்தகைய இடத்துக்கென்றே நாவல், நீர்மருது, புங்கம், பூவரசு போன்ற மரங்களும், கல்வாழை, சேம்பு போன்ற செடிகளும் இருக்கின்றன. முருங்கை கட்டாயம் வேண்டுமென்றால், ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்கு மண்ணை அகலமாக மேடாக்கி, மேட்டின் மேல் நட வேண்டும்.

மண்ணின் தன்மையைக் கையாலேயே அறியலாம். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி உருட்டிப் பாருங்கள்: உருண்டையே பிடிக்காவிட்டால் மணல், உருண்டை பிடித்து, நீட்டும்போது உடைந்தால் மணலும் களியும் கலந்த இருமண் பாடு, கயிறு போல நீண்டு, வளைத்தாலும் உடையாவிட்டால் களிமண். இன்னும் தெளிவு வேண்டுவோர், ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீருமாக நிரப்பிக் குலுக்கி வைக்கலாம். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாள் வரை நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

செம்மண்ணும் கரிசலும்

செம்மண் நிலம் வாய்த்தவர்களுக்குத் தேர்வு விரிவானது. நீர் வடியும், வேர் இறங்கும், காற்றோட்டம் உண்டு. மா, கொய்யா, சீத்தா, முந்திரி, மாதுளை, மல்லிகை ஆகிய எல்லாமே அங்கே வரும். பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் செழிப்பதற்கு, நீரை நிறுத்தாத அந்த ஆழமான செம்மண்ணே முக்கியக் காரணம். ஆனால் செம்மண்ணிலும் ஆழத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டடிக்குக் கீழே பாறையோ இறுகிய சுக்கான் எனும் சுண்ணாம்புப் படிவமோ இருந்தால், மா சில ஆண்டுகள் நன்றாக வளர்ந்துவிட்டு, பிறகு கோடைதோறும் நுனி காயத் தொடங்கும். கடப்பாரையால் மூன்றடி வரை தோண்டிப் பார்த்த பிறகே பெரிய மரத்தைப் பற்றி முடிவெடுங்கள். ஆழம் இல்லாத இடத்தில் சீத்தாவும் மாதுளையும் நெல்லியும் போதும்.

கரிசல் வேறு வகையானது. கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரத்தில் அதன் முழு இயல்பையும் காணலாம்: மழையில் ஊதிப் பசையாகிறது, கோடையில் கையை நுழைக்கும் அளவுக்கு வெடிக்கிறது. அந்த வெடிப்பு இளங்கன்றின் நுண்வேர்களை அறுத்துவிடும். ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைக்கும் நல்ல குணமும் அதற்கு உண்டு. சுண்ணாம்பு மிகுந்திருக்கும் குறையும் உண்டு. வேம்பு, புளி, இலந்தை, நெல்லி, நாவல், கொடுக்காப்புளி ஆகியவை இந்த மண்ணின் போக்கைத் தாங்கக்கூடியவை. கரிசலில் இட்லிப்பூவும் ரோஜாவும் வேண்டுமென்றால் தொட்டியில் வைத்துக்கொள்வதே நல்லது. கன்றைச் சுற்றி இலைச்சருகு, வைக்கோல், கரும்புத் தோகை போன்றவற்றைத் தடிமனாகப் பரப்பி மூடாக்கு இடுவது எல்லா மண்ணுக்கும் நன்மை. கரிசலில் அதைத் தவிர்க்கவே கூடாது.

கார அமில நிலை

பி.எச். எனப்படும் கார அமில அளவு 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தும். 8.5-ஐத் தாண்டிச் சோடியமும் மிகுந்தால் அது களர் நிலம்; கரையும் உப்புகள் மிகுந்து மேற்பரப்பில் வெண்மையாகப் பூத்தால் அது உவர் நிலம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. உவரில் வடிகால் அமைத்து நல்ல நீரால் உப்பைக் கழுவி இறக்கலாம். களருக்கு ஜிப்சம் இட வேண்டும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். அரசு மண் பரிசோதனை நிலையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் இதைச் செய்து தருகிறார்கள். காய்கறிப் பாத்திக்கென்றால் அரையடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவத்தில் பல இடங்களில் வெட்டி மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ அளவாகக் குறைத்துக் கொடுங்கள். மரத்துக்கென்றால் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களிலிருந்து தனித்தனியாக எடுங்கள். எருக்குழி ஓரத்திலும் மர நிழலிலும் எடுத்த மண் நிலத்தின் உண்மை நிலையைக் காட்டாது.

புதிதாகக் கட்டிய வீடுகளில் நாற்புறமும் சிமென்ட்டும் சுண்ணாம்பும் உடைகல்லும் மண்ணில் கலந்து காரத்தன்மையைக் கூட்டியிருக்கும். இட்லிப்பூ, செம்பருத்தி, மல்லிகை ஆகியவற்றின் இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் அந்தக் காரத்தால் வேர் அதை எடுக்க முடியவில்லை என்று பொருள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி எனும் இரும்பு சல்பேட்டைக் கரைத்து இலையில் தெளித்தால் சில வாரங்கள் பசுமை திரும்பும். மண் மாறாதவரை மஞ்சளும் திரும்பி வரும். சுவரோரம் ஓரிரண்டு அடியை விட்டுத் தள்ளி நடுவதும், அந்த ஓரத்துக்குக் காகிதப்பூ, அரளி போன்ற, காரத்தைப் பொருட்படுத்தாத செடிகளை வைப்பதும் நிலையான தீர்வு. அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், சிறு குழந்தைகளோ ஆடு மாடுகளோ உள்ள வீட்டில் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மண்ணைச் சோதிக்கும்போது கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ ஒரு புட்டியில் சேர்த்துக் கொடுங்கள். நல்ல மண்ணும் உப்பு நீரால் சில கோடைகளில் உவராகிவிடும். இலை விளிம்பு பழுப்பாகக் கருகினால் முதலில் நீரைச் சந்தேகியுங்கள். உப்பு கலந்த நீர் மட்டுமே கிடைக்கும் வீட்டில் தென்னை, சப்போட்டா, வேம்பு, புங்கம் ஆகியவை தாக்குப்பிடிக்கும். எலுமிச்சையும் அவரையும் தாங்கா.

வெயில், மழை, காற்று

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 900 மி.மீ.-க்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. எனவே நம் தோட்டத்துச் செடி ஐப்பசியின் வெள்ளத்தையும், தை தொடங்கி நீளும் வறட்சியையும், அதன் முடிவில் வரும் கத்திரி வெயிலையும் ஒரே ஆண்டில் தாங்கியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரு பருவமழைகளும் கிடைப்பதால் அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் ரம்புத்தானும் வளர்கின்றன. நீலகிரி அடிவாரத்துக் கல்லாற்றிலும் பர்லியாற்றிலும் மங்குஸ்தான் காய்க்கிறது. அந்த ஈரப்பதத்தைத் திருச்சியிலோ வேலூரிலோ சொட்டுநீர்க் குழாயால் உண்டாக்கிவிட முடியாது. ஆப்பிளுக்கும் பேரிக்கும் குளிர்ந்த உறக்கக் காலம் தேவை. பேரி கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காய்ப்பதற்கு அந்தக் குளிரே காரணம். ஊட்டியின் அமில மண்ணில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து ஆசைப்பட்டு மதுரைக்கு எடுத்து வருவது அந்தச் செடிக்குச் செய்யும் கொடுமை.

காற்றை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் வாழையைச் சாய்த்து முருங்கைக் கிளையை முறிக்கும்; அங்கே மேற்கு எல்லையில் முதலில் ஒரு காற்றுத் தடுப்பு வரிசை வேண்டும். கிழக்குக் கரையில் கவலைப்பட வேண்டியது புயல். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில், குல்மோகர் போன்ற விரைந்து வளரும், வேர் ஆழமில்லாத அயல்நாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கடலோர வீட்டுக்கு நான் முதலில் சொல்வது புன்னையும் பூவரசும்தான்: மணலில் நிற்கும், உப்புக் காற்றைத் தாங்கும், நிழலும் தரும். அந்த மரங்களின் மறைவில் மென்மையான செடிகளை வைக்கலாம்.

வெயிலின் திசையையும் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட வேண்டும். சென்னையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே வீட்டின் வடபுறத்தில் மே மாதம் பளிச்சென்று வெயில் விழுவதைப் பார்த்துக் காய்கறிப் பாத்தி போட்டால், கத்தரியும் தக்காளியும் நன்றாகக் காய்க்க வேண்டிய மார்கழியில் அந்த இடம் முழுவதும் வீட்டின் நிழலில் கிடக்கும். காய்கறிக்குத் தென்புறமும் கிழக்கும் ஏற்றவை. வடபுறத்தில் வெற்றிலையும் சேம்பும் கற்பூரவல்லியும் வைக்கலாம். மேற்குச் சுவர் மாலை வெயிலை உள்வாங்கி இரவிலும் வெப்பத்தை உமிழும் என்பதால், அங்கே மென்மையான இலைச்செடிகள் கருகிவிடும்.

வாங்கும் முன்னும் நடும்போதும்

தெருவில் முப்பது ஆண்டுகளாக யாரும் நீரூற்றாமல் நிற்கும் மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணைப் பற்றி அவற்றைவிடச் சரியாகச் சொல்லும் அறிக்கை இல்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் கன்றுகளில் பல ஆந்திரத்தின் கடியத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவை. நிழல்வலையின் கீழ் வளர்ந்த அத்தகைய கன்றை உடனே வெயிலில் நடாமல், பத்துப் பதினைந்து நாள் அரைநிழலில் வைத்துப் பழக்குங்கள். மாவட்டத்தின் தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் கிடைக்கும் கன்று பார்ப்பதற்குச் சிறியதாக இருந்தாலும், உள்ளூர் வெயிலில் வளர்ந்தது என்பதால் நான் அதையே விரும்புவேன். உயரத்தைவிட வேரைப் பாருங்கள். பைக்குள் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் வாங்க வேண்டாம்.

செம்மண்ணிலும் மணலிலும் புரட்டாசி இறுதியில் முதல் மழை நனைத்ததும் நடலாம். நீர் தேங்கும் களியிலும் கரிசலிலும் அப்போது நட்டால் கன்று அழுகும். ஆடியில் நட்டு மழைக்கு முன் வேர் பிடிக்க விடுங்கள், அல்லது தை வரை பொறுத்திருங்கள். எந்தப் பருவத்தில் நட்டாலும், வறட்சியைத் தாங்கும் என்று பெயர்பெற்ற வேம்புக்கும் நெல்லிக்கும்கூட முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறையாவது ஆழமாக நீர் பாய வேண்டும். தினமும் மேலாகத் தெளித்த நீர் வேரை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். அப்படி வளர்ந்த மரம் மூன்றாம் கோடையில் நீரை நிறுத்தியதும் வாடும்.