பெர்லினர் வைஸ: சிரப் ஊற்றும் முன் சில மிடறுகள்

பெர்லினில் ஏதாவது பியர் தோட்டத்தில் உட்கார்ந்து பெர்லினர் வைஸ என்ற புளிப்பு பியரைக் கேட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "சிவப்பா, பச்சையா?" சிவப்பு என்றால் ராஸ்ப்பெர்ரி சிரப். பச்சை என்றால் வால்ட்மைஸ்டர் என்ற மூலிகையின் சிரப். ருசி பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரிமாறுபவர் புருவத்தை உயர்த்துவார், உயர்த்தட்டும். புளிப்பை அடக்கத்தான் சிரப். நாம் தேடி வந்ததே அந்தப் புளிப்பை.

நான் இந்த ஊர்வாசி. வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கு இதை ஊற்றிக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை. முதல் மிடற்றில் முகத்தைச் சுளிக்காதவர்கள் குறைவு. "கெட்டுப்போன பியரா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் குடித்தால் அதே ஆட்கள் இன்னொரு பாட்டில் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய தானியம்தான் மால்ட்) கோதுமை மால்ட்டும் கலந்து காய்ச்சும் பியர் இது. கோதுமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். ஆல்கஹால் 3 சதவீதத்தை ஒட்டித்தான். புளிப்பைத் தருவது லாக்டோபேசிலஸ் பாக்டீரியா. மோரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலம்தான் இதிலும். பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்கள் அதிகமானால் அந்தப் பாக்டீரியா வேலை செய்யாது. அதனால் பெயருக்குக் கொஞ்சம் ஹாப்ஸ் போடுவார்கள், கசப்பு இருக்காது. மற்ற பியரில் கசப்பு செய்யும் வேலையை இதில் புளிப்பு செய்கிறது. 1809-ல் நெப்போலியனின் படையினர் இதை 'வடக்கின் ஷாம்பெயின்' என்று அழைத்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, குமிழியையும் இனிப்பு மிஞ்சாத வறண்ட முடிவையும் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான்.

ஒரு பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். ஒன்று, இரவில் திறந்திருக்கும் ஸ்பேட்டி கடையிலேயே கிடைக்கும் பெர்லினர் கிண்டல் வைஸ. பக்கத்திலேயே சிரப் கலந்து அடைத்த பாட்டில்களும் நிற்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள். மற்றது, பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் சேர்த்து பாட்டிலுக்குள்ளேயே முதிர விட்டது. பெர்லினின் வெட்டிங் பகுதியில் உல்ரிகே கென்ஸ் தொடங்கிய ஷ்னேஓய்ல ஆலையின் 'மர்லேன' மாதிரி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால்தான், புளிப்பு என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் விஷயத்துக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று நாக்குக்குப் புரியும். மென்மையானதில் தொடங்குங்கள், முதிர்ந்தது இரண்டாவது.

பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி நிறுத்திக் குளிர வையுங்கள். இதில் வாயு அதிகம். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் பாதி மேஜைக்குப் போய்விடும். 5, 6 டிகிரியில் எடுத்தால் போதும்; குடிக்கக் குடிக்க 10 டிகிரிக்கு மேல் ஏறும், அது நல்லதுதான். பாரம்பரியக் கோப்பை அகல வாயும் தடித்த காலும் கொண்டது. பார்க்க அழகு, ஆனால் மணம் நாலாபக்கமும் ஓடிவிடும். நான் ஒயின் கிளாஸில்தான் ஊற்றுகிறேன். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பு வாடையோ இருக்கக் கூடாது.

முதல் பாதியை அடி மண்டி கலங்காமல் ஊற்றுங்கள். ஊற்றியவுடன் கிளாஸைக் காதருகே கொண்டுபோங்கள். மற்ற கோதுமை பியரில் நுரை மெத்தென்று உட்கார்ந்திருக்கும். இதில் பெரிய பெரிய குமிழிகளாக எழும்பி, சோடா மாதிரி சடசடவென்று பொரிந்து, பேசி முடிப்பதற்குள் காணாமல் போகும். பியர் பழசாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அமிலம் அதிகமான இடத்தில் நுரையைத் தாங்கும் புரதம் நிற்பதில்லை. நிறம் வெளிறிய வைக்கோல். லேசான கலங்கல் இருந்தால் சரி.

மூக்கு வேலை கொஞ்சம் நிதானமாக. ஆழமாக இழுக்காதீர்கள், எழும்பும் கார்பன் டை ஆக்சைடு மூக்கைக் குத்தும், அப்புறம் ஒன்றும் தெரியாது. சின்னச் சின்னதாக இரண்டு முறை முகருங்கள். எளிய வைஸயில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அடியில் ஈரமாவு வாசனை. முதிர்ந்ததில் உலர்ந்த புல், பழம், சில நேரம் குதிரைச் சேணத்தின் தோல் வாடை. கடைசியாகச் சொன்னது பிரெட்டனோமைசிஸின் கைவரிசை. கேட்கத்தான் ஒரு மாதிரி, கொஞ்சமாக இருந்தால் எனக்கு அது இல்லாமல் வைஸ முழுமையாகத் தெரிவதில்லை.

இப்போது வாய். முதல் மிடறை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அது நாக்கைத் தயார்செய்ய மட்டும். பல் கூசும், கன்னத்தின் உட்பக்கம் இழுக்கும், எச்சில் ஊறும். அந்த எச்சில்தான் அடுத்த மிடறில் அமிலத்தின் கூர்மையைக் குறைக்கிறது. கால் நிமிடம் விட்டு இரண்டாவது மிடறு எடுத்து வாய் முழுக்கச் சுழற்றுங்கள். புளிப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். நல்ல வைஸயில் அது சட்டென்று எழுந்து சுத்தமாக இறங்கிவிடும், தொண்டையை எரிக்காது. மூன்றாவது மிடறில் புளிப்பைக் கண்டுகொள்ளாமல் அதற்குப் பின்னால் தேடுங்கள். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விட்டால், பச்சை ரொட்டி மாவின் மணம் லேசாக வரும். அதுதான் கோதுமை. அது அகப்பட்டதும் பெரும்பாலானோருக்கு இந்தப் பியர் பிடித்துப்போகிறது. குறைந்தபட்சம் என் மேஜையில் அப்படித்தான்.

பியரின் உடல், அதாவது வாயில் தெரியும் கனம், மெலிந்துதான் இருக்கும், தண்ணீர் போல் தோன்றலாம். 3 சதவீதப் பியரிடம் கனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வறண்டு முடிகிறதா, அடுத்த மிடறைக் கேட்கிறதா என்று பாருங்கள். உப்பும் கொத்தமல்லி விதையும் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது அநேகமாக லைப்ஸிக் பக்கத்து கோஸ என்ற பியர். உறவுக்காரன், ஆனால் வேறு வீடு.

இரண்டாவது பாட்டிலுக்குப் போகும் முன் தண்ணீர், ஒரு துண்டு வெறும் ரொட்டி. பிறகு அதே வரிசை. முதிர்ந்ததில் புளிப்பு கூடுதலாக இருந்தும் குத்தாமல் உருண்டையாகத் தெரிவதைக் கவனிப்பீர்கள். கிளாஸில் பாதி மிஞ்சியிருக்கும்போது பாட்டிலை மெதுவாகச் சுழற்றி, அடி மண்டியையும் சேர்த்து ஊற்றிக் குடித்துப் பாருங்கள். மாவுத்தன்மை கூடும், கூர்மை மழுங்கும். எனக்குத் தெளிந்த பாதிதான் பிடிக்கும். மண்டிக்காகவே காத்திருக்கும் நண்பர்களும் உண்டு.

எல்லாப் புளிப்பும் நல்ல புளிப்பு இல்லை. மூக்கைச் சுருக்கவைக்கும் வினிகர் வாடை, நகப்பூச்சு நீக்கியின் நெடி, வாந்தி நாற்றம் இவை வந்தால் அது குறைதான். வினிகர் வாடை பெரும்பாலும் காற்று புகுந்ததன் அடையாளம். வேகவைத்த சோளம் மணத்தால் கொதிக்கவைத்தது போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நின்ற பாட்டிலில் ஸ்கங்க் என்ற மிருகத்தின் வாடை அடிக்கும். இதில் எதையும் 'இந்த வகையே இப்படித்தான்' என்று யாராவது சமாளித்தால் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு சிரப்புக்கு வருவோம். நான் அதற்கு விரோதி இல்லை. கிளாஸின் அடியில் இரண்டு மேஜைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, மேலே பியரை விடுங்கள். ராஸ்ப்பெர்ரி புளிப்போடு ஒட்டும். பச்சை எனக்கு ஒட்டுவதில்லை. அந்தப் பளீர்ப் பச்சை செடி தந்ததல்ல, சாயம். குடித்தால் மிட்டாய் நினைவுதான் வருகிறது. உறிஞ்சுகுழல் வைத்துத் தருவார்கள். எடுத்து ஓரமாக வையுங்கள், குழலில் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை. பழைய பெர்லின்காரர்கள் சிரப்புக்குப் பதிலாகச் சீரக வகை வாசனையுள்ள க்யும்மல் மதுவைச் சின்னக் கிளாஸில் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். அதைக் கடைசியாக முயன்று பாருங்கள், முன்னால் குடித்தால் நாக்கு மரத்துவிடும்.

ஒரே உட்காரலில் மூன்று வகைக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் ருசி பிரியாது. முடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பல் தேய்ப்பதை அரை மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், அமிலம் பட்ட எனாமலை உடனே பிரஷ் கொண்டு உரசுவது நல்லதல்ல. காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், சாதாரணப் பியர் பாட்டிலுக்கு 8 சென்ட் கிடைக்கும்.