செம்பட்டை அடித்த ஹைலைட்டுக்கு நீலமா, ஊதாவா?

பாம்பனில் வீட்டு முன்னறைதான் என் பார்லர். மதுரையில் போய் ஆசையாக ஹைலைட் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள் இரண்டே மாதத்தில், "அக்கா, செம்பட்டையா நிக்குது" என்று வந்து உட்காரும். நம் வெயிலும் போர் தண்ணியும் அப்படி. உடனே மறுபடி டை அடிக்க வேண்டாம், டோனர் போதும்.

டோனர் முடியை வெளுக்காது. எதிர் நிறத்தைப் பூசி வேண்டாத நிறத்தை அமுக்கும், அவ்வளவுதான். ஆரஞ்சை அமுக்க நீலம், மஞ்சளை அமுக்க ஊதா. நம் கருமுடி ப்ளீச்சில் பெரும்பாலும் ஆரஞ்சோடு நின்றுவிடும். வீடியோ பார்த்து ஊதா ஷாம்பூ வாங்கித் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

டியூப்லைட்டை நம்பாதீர்கள். காய்ந்த முடியை வெள்ளைத் துண்டில் வைத்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். பனம்பழச் சதை நிறமா? நீலம். மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு நிறமா? ஊதா. என் சித்தி மகளுக்கு நடுமுடி ஆரஞ்சு, நுனி மஞ்சள். அவசரத்தில் முழுக்க நீலத்தைப் பூசிவிட்டேன். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன ஆகும்? நுனியெல்லாம் பச்சை. சித்தி கடல்பாசி எடுக்கப் போகிறவள். "கடல்ல முங்காமலே எம் மக தலையில பாசி ஏத்திட்டியேடி" என்றாள். இப்போது நுனிக்குத் தனிக் கிண்ணம் வைக்கிறேன்.

48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரித்தால் விட்டுவிடுங்கள். டோனரோடு கலக்கும் டெவலப்பர் (பெராக்சைடு க்ரீம்) 10 வால்யூம், அதாவது 3 சதவீத பெராக்சைடு, போதும். 20 வாங்கினால் வேரில் இருக்கும் கருமுடியும் சேர்ந்து செம்பட்டையாகும். கலக்கும் அளவு பெட்டியில் இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் கலக்க வேண்டும். தலையை அலசித் துண்டால் ஒற்றி, ஈரப்பதத்தில் பூசுங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கீற்றைத் துடைத்துப் பாருங்கள். பெட்டியில் 20 நிமிடம் என்று போட்டிருந்தாலும் எனக்குப் பலமுறை 10 நிமிடத்திலேயே நிறம் வந்திருக்கிறது.

தண்ணிதான் பெரிய விஷயம். போர் தண்ணியில் இருக்கும் இரும்பும் உப்பும் முடியில் ஏறி நிறத்தைக் கெடுக்கும். அதனால் பூசுவதற்கு முந்தைய அலசலுக்கும் கடைசி அலசலுக்கும் ஒரு குடம் காவிரித் தண்ணி எடுத்து வைப்பேன். "குடிக்கிற தண்ணிய தலையில ஊத்துறா பாரு" என்று மாமியார் முனகத்தான் செய்வார்.

சல்பேட் இல்லாத ஷாம்பூவை வாரம் இரண்டு தடவைக்கு மேல் போடாமல், வெந்நீரையும் தவிர்த்தால் 4 முதல் 6 வாரம் தாங்கும். கடலில் குளிப்பதாக இருந்தால் முதலில் நல்ல தண்ணியில் தலையை நனைத்து, கண்டிஷனர் தடவிக்கொண்டு இறங்குங்கள். நனைந்த முடி உப்புத் தண்ணியை அவ்வளவாகக் குடிக்காது. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் முங்கி 22 தீர்த்தமும் ஆடப் போகிறவர்கள் முந்தின நாள் டோனர் கேட்டு வந்தால் நான் போடுவதில்லை. "ஆடிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவேன்.